நெருங்காத ரேகை

"அம்மாகிட்ட உன் வேலையை என்னன்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லு. இந்த ஊர்ல இருக்கற அத்தனை செப்டிக் டேங்குக்கும் உங்க மருமகதான் பொறுப்புன்னு சொல்லு."

"அவங்க கொஞ்சம் சுத்தம் பார்ப்பாங்க, நறு."

"நானும் சுத்தம்தான் பார்க்கறேன். எனக்கு அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க, அவங்களுக்கு யாரும் குடுக்கலை. வேற வித்தியாசம் இல்லை."

வாயில் இருந்த கரும்புச்சாறு சிந்திவிடாமல் சிரிக்கச் செழியன் சிரமப்பட்டான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு இருக்கும். நீ எதையும் கேட்டுடாதே. கேட்டா அவங்களுக்குப் பொசுக்குனு ரோஷம் வந்துடும். விட்டுட்டா தானா சரியாயிடும்."

"சரி, கேக்கலை" என்று நறுமுகை சொன்னாள். காதலிக்கும்போது எதற்கும் சரி சொல்ல முடிந்தது.

பேட்டரி ஆலை வாசலில், சாறு பிழியும் இயந்திரத்தின் மணிச்சத்தத்துக்கு நடுவே நடந்த அந்தப் பேச்சுக்கு மூன்று வருடம் ஆகிறது. அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். செழியன் சொன்னதுதான் நடக்கவில்லை.

அவன் சொன்ன 'ஒண்ணு ரெண்டு' வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவு சின்ன விஷயம். அத்தை சுகன்யா வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குழம்பை இறக்கியதும் முதல் கரண்டியை நறுமுகைக்கு எடுத்து, அவளுக்கென்றே வாங்கிய ஹாட்பாக்ஸில் ஊற்றி மூடிவிடுவார். அவளுடைய தட்டும் தம்ளரும் வேறு அலமாரியில் இருக்கும். "எம் மருமகளுக்கு எடுத்து வெச்சுட்டுத்தான் நாங்க கை வைப்போம்" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முறுகலான வடை, முதல் ஈட்டு இட்லி, மீனில் நடுத்துண்டு எல்லாம் ஹாட்பாக்ஸுக்குத்தான் வரும். ஆனால் விடுமுறை நாளில் நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தாலும் ஹாட்பாக்ஸ்தான். தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரக் கூந்தலோடு சமையலறை வாசலில் வந்து நின்றாலும் ஹாட்பாக்ஸ்தான். அம்மாவும் மகனும் மேஜையில் ஒரு குழம்புச் சட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்க, நறுமுகை அதே மேஜையின் கோடியில் மூடியைத் திறந்து சாப்பிடுவாள். கேட்க வேண்டியதைக் கேட்காமல் அவள் மூன்று வருடமாகத் தொண்டையிலேயே வைத்திருந்தாள்.

பவழமல்லித் தெருவில் அன்று நண்பகல் அது மறுபடியும் நெருடியது.

தெருவின் பாதி நனைந்திருந்தது. நாற்றம் மூக்கைப் பிளந்தது. ஒரு வீட்டுத் தொட்டி நிரம்பி, மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வழிந்திருந்தது. நகராட்சி லாரி வந்து உறிஞ்சிக்கொண்டிருக்க, நறுமுகை ரப்பர் பூட்ஸோடு குழாயின் வளைவில் கைவிட்டு, சுண்டுவிரல் அளவே இருந்த கருவியை வெளியே எடுத்தாள். அரசுக் காகிதங்களில் அதன் பெயர் கழிவுணரி. ஊருக்குள் எல்லோருக்கும் அது மூக்கன்.

"ஏனுங்க மேடம்" என்றார் வீட்டுக்காரி கவிதாமணி, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி. "எங்க ஊட்டுல ஆறு பேரு இருக்கறோமுங்க. உங்க மூக்கன் ரெண்டே பேருன்னு சொல்லீருக்குதாமா. அப்ப மீதி நாலு பேரு நாங்க என்ன, பேயிங்களா?"

"மூக்கன் தப்புப் பண்ணாதும்மா."

"அப்ப நான்தான் புள்ளைங்களத் தப்பா எண்ணிப் பெத்துப் போட்டேனாட்ட இருக்குது."

லாரியின் பக்கத்தில் நின்ற ரஃபீக் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான். கருவிப் பிரிவின் பொறியாளன். மூக்கனை நறுமுகையோடு சேர்ந்து உருவாக்கியவன். நறுமுகைக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்கனைச் சந்தேகிக்க அவளுக்குப் பழக்கமில்லை.

கல்மேடு நகரம் முழுக்கப் பாறைமேல் உட்கார்ந்திருந்தது. ஆடு மேய்ந்த மேட்டில் பேட்டரி ஆலைகள் வந்ததும் வாரத்துக்கு ஒரு தெரு முளைத்தது. பாதாளச் சாக்கடைக்கு இரண்டு முறை தோண்டிப் பார்த்தார்கள். பாறை இருந்த இடத்தில் இருந்தது, ஒப்பந்தக்காரர்கள்தான் ஊரைவிட்டுப் போனார்கள். அதனால் வீட்டுக்கு ஒரு தொட்டி, தொட்டிக்கு முறைவைத்து லாரி. எந்தத் தொட்டிக்கு எப்போது லாரி அனுப்புவது என்று தெரிய, அந்த வீட்டில் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். ஓடும் தண்ணீரை அளந்து பயனில்லை, துவைத்ததும் பாத்திரம் கழுவியதும் அதில் கலந்துவிடும். ஆட்களைத்தான் எண்ண வேண்டும்.

அந்த ஒன்றை மட்டும் எந்த வீடும் உண்மையாகச் சொன்னதில்லை. வாடகைக்கு விட்டவர்கள் குடியிருப்பவர்களை ஒளித்தார்கள். லாரி சீக்கிரம் வரட்டும் என்று சிலர் ஊரில் இருக்கும் மாமனாரையும் சேர்த்துச் சொன்னார்கள். "எங்க வீட்டுக் கக்கூஸ் கணக்கு உனக்கு எதுக்கு?" என்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு. நறுமுகை வேலை பழகியது அப்படிச் சாத்திய கதவுகளுக்கு முன்னால் நின்றுதான். யாரையும் எதுவும் கேட்காமலே கணக்கெடுக்க முடிந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதும் அங்கேதான்.

ஒவ்வொருவர் குடலிலும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், கைரேகை மாறுவதைப்போல. அவளும் ரஃபீக்கும் அதற்குக் குடல்ரேகை என்று பெயர் வைத்தார்கள். கழிவறைக் குழாயின் வளைவில் உட்கார்ந்திருக்கும் மூக்கன், போகிற வருகிறதை எல்லாம் முகர்ந்து, எத்தனை ரேகை என்று எண்ணிச் சொல்லும். எத்தனை ரேகையோ அத்தனை ஆள்.

கேள்வியில்லாக் கணக்கெடுப்பு என்று பெயரெடுத்து, வேறு ஊர்களிலிருந்து பார்க்க வந்தார்கள். கல்மேட்டுக்காரர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே மூக்கன் முகர்ந்ததைக் காட்டும் சமையலறைச் சுவர்த் திரை சொல்லிவிடும். மருத்துவர் "என்ன செய்யுது?" என்று கேட்பதை விட்டுவிட்டார். பிள்ளை பள்ளியில் சாப்பிட்டதா என்று அம்மாக்கள் கேட்பதில்லை, திரையைப் பார்த்தால் போதும். கேட்பது என்பதே கல்மேட்டில் கொஞ்சம் பழைய காலத்துப் பழக்கமாகிவிட்டது.

"மேடம்" என்று ரஃபீக் கைத்திரையை நீட்டினான். "இந்த வீட்டுக்கு மூக்கன் வெச்சப்ப அஞ்சுன்னு காட்டியிருக்கு. அப்புறம் நாலு. மூணு. இப்ப ரெண்டு. திடீர்னு கெட்டுப்போன கருவி இப்படிப் படிப்படியா இறங்காது."

"புதுசா மாட்டிப் பார்."

"மாட்டிட்டேன். அதுவும் ரெண்டுங்குது."

லாரி உறிஞ்சி முடித்தது. தெருவைக் கழுவிவிட்டார்கள். கவிதாமணி வாசலில் இருந்தே கூப்பிட்டார். "வாங்க அம்மிணி, கை கால் கழுவீட்டு உள்ள வாங்க. உச்சிப்பொழுது சாஞ்சா பசி பொறுக்குமா? நாங்க என்னமோ பேயிங்கதான், நீங்க மனுசப்பொறப்பு, சாப்பிட வேணுமல்லோ."

சமையலறைத் தரையில் வீடே வட்டமாக உட்கார்ந்திருந்தது. கவிதாமணியின் கணவர், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். ஆளுக்கொரு ஊரில் பிழைத்தவர்கள், கல்மேட்டுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்தார்களாம். கவிதாமணி ஒரு பெரிய குண்டானில் சோறும் கொள்ளுப் பருப்பும் போட்டு முழங்கை வரை பிசைந்து, உருட்டி உருட்டி நீட்டிய கைகளில் வைத்தார். கல்யாணமான ஆண்பிள்ளைகள் "அவனுக்குப் பெரிசா உருட்டறே" என்று சண்டை பிடித்தார்கள். தட்டு என்று ஒன்று அங்கே இல்லை.

"கையை நீட்டுங்க அம்மிணி."

"இல்லம்மா, நான் டேங்குக் குழாய்ல கை வெச்சுட்டு வந்திருக்கேன்."

"கழுவீட்டீங்கல்லோ? அப்பறமென்னுங்க?"

நறுமுகை நீட்டினாள். உருண்டை சூடாக இருந்தது. வாயில் வைத்ததும் கண் கலங்கியது. காரம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"காரமுங்களா? எங்க சின்ன மருமவளுக்கும் அப்படித்தான். வந்து எட்டு மாசந்தான் ஆச்சு, இப்பத்தான் எங்க காரத்துக்குக் கொஞ்சங்கொஞ்சமா பழகீட்டு வாரா."

நறுமுகையின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. வாசல்படியில் உட்கார்ந்து இரண்டாவது உருண்டைக்குக் காத்திருந்த ரஃபீக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரஃபீக், அந்த ரெண்டு ரேகையில ஒண்ணு யாரோடது?"

அவன் பார்த்தான். "ஒண்ணு, பெரிய ரேகை. அஞ்சு பேர் அளவுக்குக் கனமா இருக்கு. இன்னொண்ணு மெலிசு. எட்டு மாசத்துக்கு முன்னாடி வந்தது, ஒவ்வொரு மாசமும் அந்தப் பெரிய ரேகைப் பக்கம் நகர்ந்துக்கிட்டே..." அவனும் நிறுத்தினான்.

மூக்கன் தப்புப் பண்ணவில்லை. ஒரே குண்டானில், ஒரே கையால் பிசைந்ததை வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களின் குடல்களில் ஒரே கூட்டம் குடியேறிவிட்டது. ஐந்து பேரும் மூக்கனுக்கு ஒரே ஆளாகிவிட்டார்கள். ஆறாவது பெண் வந்து சேர்ந்துகொண்டிருந்தாள்.

அடுத்த ஒரு வாரம் நறுமுகை பல வருடங்களாகச் செய்யாத வேலையைச் செய்தாள். தொட்டி வழிந்த வீடுகளுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். "நீங்க எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள். முதலில் முழித்தார்கள். பிறகு யாரும் கதவைச் சாத்தவில்லை. உட்காரச் சொல்லி, யார் யாருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்பது வரைக்கும் சொன்னார்கள். ஆலைத் தொழிலாளர் விடுதி ஒன்றில் ஒரே மெஸ் அண்டாவில் சாப்பிட்ட நாற்பது பையன்களை மூக்கன் ஏழு பேர் என்று எண்ணியிருந்தது. எதிரே நாலு பேர் குடியிருந்த பெரிய பங்களாவில் ஆளுக்கொரு கடையில் பார்சல் வாங்கி, ஆளுக்கொரு அறையில் சாப்பிட்டார்கள். அங்கே நான்கு ரேகையும் பளிச்சென்று தனித்தனியாக இருந்தன. லாரி அங்கே ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

கல்மேட்டில் அன்பான வீடுகள்தான் முதலில் வழிந்தன.

"போன வாரம்தான் மேடையில பேசினேன்" என்றார் நகராட்சி ஆணையர், நெற்றியைப் பிடித்துக்கொண்டு. "நம்ம ஊர்ல ஜனத்தொகை கட்டுக்குள்ள வந்துடுச்சுன்னு. கை தட்டினாங்க."

"கட்டுக்குள்ள வரலை மேடம். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்காங்க."

"இதைச் சரி பண்ண முடியுமா முடியாதா?"

"முடியும்" என்றாள் நறுமுகை. அவளால் முடியாதது என்று வேலையில் எதுவும் இருந்ததில்லை. ரேகைகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொன்றும் எவ்வளவு கனம், மற்றதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்றும் அளந்தால் போதும். அந்த அளவுக்கு நெருக்கம் என்று பெயரிட்டார்கள். ஒன்றாகிப்போன ரேகைக்குள் எத்தனை பேர் என்று மூக்கன் இப்போது சரியாகச் சொல்லிவிட்டது. ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருந்தது. படிப்பு முடியும்வரை தங்கும் அக்கா மகன், வேலை தேடி வந்து தங்கியிருக்கும் தம்பி, இவர்களெல்லாம் ஒருநாள் கிளம்பிவிடுவார்கள். லாரி முறையை முன்கூட்டியே போட, குடியிருப்பவர் யார், விருந்தாளி யார் என்று பிரிக்க வேண்டும்.

நறுமுகை யோசிக்கவே இல்லை. ஒரு வருடம் ஆகியும் வீட்டின் மற்ற ரேகைகள் பக்கம் கொஞ்சமும் நகராத ரேகை, விருந்தாளி ரேகை. ஒரே வரியில் விதியை எழுதி முடித்தாள்.

"ஒரே வீட்ல இருந்தும் தனியா சாப்பிடறவங்க இருப்பாங்களே?" என்று ரஃபீக் கேட்டான்.

"பங்களாக்காரங்களைச் சொல்றியா? இருக்கட்டும், விருந்தாளின்னே காட்டட்டும். மத்தபடி ஒரு குடும்பத்துல அடுப்பு ஒண்ணா இருக்கறப்ப, வருஷக்கணக்கா யார் ரஃபீக் தனியா சாப்பிடப்போறா?"

மூன்று வருடமாக அலுவலகத்தில் அவள் எதிரே உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டவன் ரஃபீக். சின்ன ஹாட்பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் "எங்க அத்தை எனக்குன்னு தனியா எடுத்து வெச்சது" என்று அவள் சொல்வதைக் கேட்டவன். அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். நறுமுகை தான் எழுதிய வரியைத் திரும்பப் படித்தாள். விதி சரியாகத்தான் இருந்தது. அதை அனுப்பினாள்.

நெருக்கம் வீட்டுத் திரைகளில் வந்த முதல் மாதம் கல்மேடு அமர்க்களப்பட்டது. பங்களா வீட்டுத் திரையில் விருந்தாளி நால்வர் என்று வந்தது, குடியிருப்பவர் ஒருவரும் இல்லை. வீட்டுக்காரர் நகராட்சிக்கு வந்து, "அப்ப வீடு யாருதுங்க?" என்று கேட்டார். பாகம் பிரித்து, நடுவில் சுவர் எழுப்பி, ஐந்து வருடமாக முகம் பார்க்காத அண்ணன் தம்பி இருவரின் ரேகையும் ஒன்றாகவே இருந்தது. விசாரித்தால், அவர்களுடைய மனைவிமார் கொல்லைப்புறச் சுவர்மேல் தினமும் குழம்புக் கிண்ணத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தோடு நெருக்கமும் கேட்டார்கள். புதுமணத் தம்பதிகள் சிலர் நாங்கள் இத்தனை ஒட்டி இருந்தும் ஏன் ரேகை ஒட்டவில்லை என்று அலுவலகத்துக்கே வந்து கேட்டதில் ரஃபீக்கின் காது சிவந்தது. முத்தத்தோடு போகிறவை வாயோடு நின்றுவிடும், குடல்வரை போவது கைபட்ட சோற்றோடு போவதுதான் என்று அவன் அவர்களுக்குப் பொறுமையாக விளக்கினான். வீடுகளில் மேஜைகள் பெரிதாயின. பார்சல் கடைகள் இரண்டு மூடப்பட்டன.

தொட்டிகள் வழிவது நின்றது. ஆணையர் மறுபடியும் மேடை ஏறினார். நறுமுகைக்குச் சால்வை போர்த்தினார்கள். புகைப்படத்தில் அவள் நன்றாகவே சிரித்தாள்.

தன் வீட்டு அளவை மட்டும் அவள் பார்க்கவில்லை. வழக்கமாக அவளேதான் சமையலறைத் திரையைத் துடைத்து, புது மென்பொருளை ஏற்றுவாள். இந்த முறை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அது தானாகவே ஏறிக்கொண்டது.

சமையல் முடிந்திருந்தது. கத்தரிக்காய்க் காரக்குழம்பு. நறுமுகையின் பங்கு எப்போதோ ஹாட்பாக்ஸுக்குப் போய்விட்டது. மேஜையில் சாப்பாடும் முடியும் கட்டம்தான். குழம்பு தீர்ந்த மண்சட்டியில் அடியில் ஒட்டியிருந்த எண்ணெயும் மசாலாவும் வீணாகாமல் சுகன்யா சுடுசோற்றைக் கொட்டி, விரல்களால் வழித்துப் புரட்டிக்கொண்டிருந்தார். செழியன் சின்னப்பிள்ளைபோல் கையை நீட்டியபடி இருந்தான். ஓய்வுபெற்ற மேலாளரும் ஆலையில் முப்பது பேரை மேய்க்கும் மகனும் வாரத்தில் இந்த ஐந்து நிமிடம் மட்டும் வேறு ஆட்களாகிவிடுவார்கள். சுவரில் திரை மினுக்கியது.

சுகன்யா கண்ணைச் சுருக்கிப் படித்தார். "குடியிருப்பவர் இருவர். விருந்தாளி ஒருவர்." சட்டியைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். "எவன்டா அது விருந்தாளி? நம்ம வீட்டுக்கு யாரும் வரலையே. போன மாசம் ஏசி மெக்கானிக் வந்தானே, அவன் நம்ம பாத்ரூமை யூஸ் பண்ணிட்டானா?"

செழியன் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டான்.

"என்னடா?"

"அம்மா, அது வருஷம் பூரா வீட்ல இருந்தும் சேராத ரேகையைத்தான் அப்படிக் காட்டும்."

சுகன்யா விரல்களைச் சட்டியிலேயே வைத்தபடி கணக்குப் போட்டார். வங்கிக் கணக்குகளில் ஒரு பூஜ்யம் தப்பினாலும் கண்டுபிடித்தவர் அவர். விடை கிடைத்ததும் முகம் சிவந்தது. கோபம் திரைமேல்தான் பாய்ந்தது.

"எம் மருமக விருந்தாளியா? இந்த மெஷினுக்கு மூக்கு இருக்கே தவிர மூளை இருக்கா? நறு, இதை நீதானே செஞ்சே? உன்னையே வெளியாளுன்னு சொல்லுது பார். அந்தப் பவழமல்லித் தெரு அம்மாவோட மருமக வந்து வருஷம்கூட ஆகலை, அவ குடியிருப்பவளாம். பேப்பர்ல போட்டிருக்கான். நீ விருந்தாளியாம்."

நறுமுகை மேஜைக் கோடியில் ஹாட்பாக்ஸின் மூடியைத் திறந்தும் மூடியும் உட்கார்ந்திருந்தாள்.

"நான் என்ன குறை வெச்சேன் சொல்லு" என்று சுகன்யாவின் குரல் இறங்கியது. "இந்த வீட்ல முதல் கரண்டி யாருக்குப் போகுது? உனக்கு எடுத்து வெச்சுட்டுத்தானே நாங்க சாப்பிடறோம்?"

"ஆமா அத்தை."

"நல்ல துண்டு யாருக்கு வருது?"

"எனக்குத்தான்."

"அப்பறம்? நான் அந்தக் காலத்து மனுஷி இல்லை. முப்பது வருஷம் பேங்க்ல எல்லா மனுஷங்களோடயும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து வேலை பார்த்தவ." அவருக்கு வேலை பார்த்தது நினைவிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு எங்கே உட்கார்ந்தார் என்று தன்னையே கேட்டுக்கொண்டதுபோல் இருந்தது. அந்தக் கேள்வியின் பக்கத்தில் அதிக நேரம் நிற்க அவருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். "உன் மெஷின் தப்புன்னு சொல்லிடு நறு. நாளைக்கு அக்கம்பக்கத்துல கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

செழியன் சட்டென்று பிடித்துக்கொண்டான். "ரூல் நீ எழுதினதுதானே நறு? ஒரு வருஷம்ங்கறதை அஞ்சு வருஷம்னு மாத்திடு. முடிஞ்சுபோச்சு. யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை."

அது முடியக்கூடியதுதான். கைத்திரை பக்கத்திலேயே கிடந்தது. ஒரு எண்ணை மாற்றினால் போதும். இந்தச் சுவரில் குடியிருப்பவர் மூவர் என்று வந்துவிடும், அத்தையின் முகம் தெளிந்துவிடும், மாலையில் சூடாக ஹாட்பாக்ஸ் வரும். இன்னும் இரண்டு வருடம் கழித்து எண்ணை மறுபடியும் மாற்றலாம்.

நறுமுகை அத்தையைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் இந்த மனுஷியை அவள் அளந்ததுண்டு. காபியில் சர்க்கரை கூடினால், ராத்திரி வயிறு சரியில்லை என்றால், திரையைப் பார்த்துத் தானே கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறாள். என்ன வேண்டும் என்று அத்தையைக் கேட்டதில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னதும் இல்லை. ஊரையே கேள்வி கேட்காமல் அளந்தவள், கேட்காமலே தனக்கும் எல்லாம் கிடைத்துவிடும் என்று நம்பியிருந்தாள்.

"மெஷின் சரியாத்தான் சொல்லுது அத்தை" என்றாள்.

செழியன் கண்ணாலேயே வேண்டாம் என்றான். அவள் அவனைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள். அவனிடம் கோபம் இல்லை, ஆனால் அவனுக்குக் கொடுத்த வாக்கின் ஆயுள் முடிந்துவிட்டது.

ஹாட்பாக்ஸை மூடி ஓரமாகத் தள்ளிவைத்தாள். எழுந்து மேஜையைச் சுற்றி வந்து அத்தையின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுகன்யாவின் விரல்கள் இன்னும் சட்டிக்குள்தான் இருந்தன, நுனிகளில் மசாலா ஒட்டியிருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

நறுமுகை இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள்.

"அத்தை, அதுல எனக்கும் ஒரு வாய் உருட்டிக் குடுங்க. உங்க கையால."